பிராக்கெட் சொல்லாத நாள்

ஜீவமணி இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அவள் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். நாசரேத்தில் அவளோடு கோயில் பாடகர் குழுவில் இருந்தவர்கள், ஜீவமணி பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடினால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சுருதி தப்பாது என்றார்கள். பாலிடெக்னிக்கில் அவளிடம் படித்துவிட்டு இப்போது துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்க்கிறவர்கள், கால்குலேட்டரைக் கையில் எடுத்தாலே மிஸ் குரல் காதில் விழும் என்றார்கள். அவர்களில் ஒருவன் "பிராக்கெட் ஓப்பன்" என்று அவளைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினான். துக்க வீடு என்பதை மறந்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் கணவர் ஞானையாவும் சிரித்தார்.

அவர்கள் நினைவில் வைத்திருந்த அந்தக் குரல் அவள் சாவதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. அது போகப்போகிறது என்று தெரிந்த வருடத்தில்தான் அவள் கடைசியாக ஒரு வகுப்புக்குக் கால்குலேட்டர் தேர்ந்தெடுத்தாள்.

தூத்துக்குடிக்கு வெளியே உப்பளங்களை ஒட்டிப் போகும் சாலையில் இருந்தது அவள் வேலை பார்த்த பாலிடெக்னிக். எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் முதல் பாடம். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரியும். சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் கிலோ, மில்லி, மைக்ரோ என்று எண்கள் ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் பாதாளத்துக்கும் போகும்போது, எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று தெரியாமல் விழிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஜீவமணி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். வகுப்பு முழுவதும் ஒரே மாடல் கால்குலேட்டர் வாங்க வேண்டும். அவள் மேடையில் நின்று கையை உயர்த்துவாள். எல்லாருடைய விரலும் தயாராகும். பிறகு ஒவ்வொரு பொத்தானாக அவள் சொல்லச் சொல்ல, வகுப்பு அமுக்கிக்கொண்டே வரும். கடைசியில் அவள் கையை இறக்குவாள். அத்தனை விரலும் ஒரே நேரத்தில் சமக்குறியை அமுக்கும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும்.

பாடகர் குழுவில் பழகிய கை அது. பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்த பெர்சி என்ற இளைஞன் ஒருமுறை கேட்டான்.

"மேடம், ஒங்க வகுப்புல கணக்கு நடக்கா, ஆராதனை நடக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. தனியாப் பாடுனா ரெண்டுலயும் மாட்டிக்கிடுவோம்" என்றாள் ஜீவமணி.

அவள் பிள்ளைகள் கணக்கில் தவறியதில்லை. அதனால் யாரும் அந்த முறையைக் குறை சொன்னதும் இல்லை.

தொண்டையில் கட்டி வந்தது ஒரு கோடை விடுமுறையில். தைராய்டு என்றார்கள். பாளையங்கோட்டை டாக்டர் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. கட்டியை எடுத்தே ஆக வேண்டும், குரலுக்குப் போகும் நரம்பை அது சுற்றிக்கொண்டிருக்கிறது, எடுத்த பிறகு குரல் முழுதாகத் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆபரேஷனை ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. வேறு எதையும் கேட்காமல் எழுந்து வந்த ஜீவமணி, பஸ் ஏறித் தூத்துக்குடியில் இறங்கி, நேராகச் சாலிஹ் கடைக்குப் போனாள். வீட்டுக்குப் போனால் ஞானையா முகத்தைப் பார்க்க வேண்டும். கடையில் என்றால் கால்குலேட்டர் பார்க்கலாம்.

சாலிஹ் காயல்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பிகள் துபாயிலும் தோஹாவிலும் இருக்க, இவர் மட்டும் திரும்பி வந்து பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நோட்டு, பேனா, வரைபடக் கருவி விற்கிற கடை வைத்திருந்தார். ஒவ்வொரு ஜூனிலும் ஜீவமணிக்கு இரண்டொரு கால்குலேட்டரைச் சும்மா கொடுத்தனுப்புவார். அவள் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பாள். அவள் சரி என்று சொன்னால் வகுப்பே அவர் கடைக்கு வரும். வருடக்கணக்கில் அவள் தேர்ந்தெடுத்தது ஒரே மாடல்தான். ஆனாலும் கம்பெனிக்காரன் உள்ளே எதையாவது மாற்றியிருப்பான் என்று சோதிக்காமல் விடமாட்டாள்.

"டீச்சர், ஒங்க மாடல் இனிமே வராது. கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்" என்றார் சாலிஹ்.

"இந்த வருசம் எல்லாம் சொல்லிவச்ச மாதிரி நிக்கு, அண்ணாச்சி" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. பதிலுக்கு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, பழையதைப் போலவே ஒற்றை வரியில் எண்களைக் காட்டுவது. எங்கே பிராக்கெட் வேண்டுமோ அங்கே நாம்தான் போட வேண்டும். மற்றொன்று புது மாதிரி. புத்தகத்தில் அச்சடித்திருப்பதைப் போலவே மேலே ஒரு தொகை, நடுவில் கோடு, கீழே ஒரு தொகை என்று திரையில் எழுதிக் காட்டும். பிராக்கெட் தேவையில்லை.

ஜீவமணி இரண்டையும் வெயிலில் கொண்டுபோய்த் திரை தெரிகிறதா என்று பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு சமக்குறியைத் தேடினாள். பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரி உட்காரும் தகட்டை நகத்தால் சுரண்டினாள். உப்புக் காற்றில் மட்டமான தகடு ஒரே மழைக்காலத்தில் பச்சை பிடித்துப் போகும். கிலோ, மில்லி கணக்கில் விடை சொல்கிற பொத்தான் மேலேயே இருக்கிறதா, வேறொரு பொத்தானுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாள். பரீட்சை ஹாலில் அனுமதிக்கிற ரகம்தானா என்று கேட்டுக்கொண்டாள்.

"பொண்ணு பாக்கப் போன மாதிரியில்லா பாக்குதிய. அடுத்தாப்புல பாடச் சொல்லுவியளோ?"

"பாட நான் இருக்கேன்லா அண்ணாச்சி."

வழக்கமாகச் சொல்கிற பதில்தான். சொன்ன பிறகு அவளுக்கு மூடியைத் திரும்ப மாட்ட வரவில்லை. சாலிஹ் வாங்கி மாட்டிக் கொடுத்தார்.

வகுப்பு தொடங்கியது. புதுக் கருவி எது என்று இன்னும் சொல்லாததால், துறை அலமாரியில் கிடந்த பழைய கால்குலேட்டர்களைக் கொடுத்து, வழக்கம்போலக் கையை உயர்த்தினாள். அந்த வருடப் பிள்ளைகள் சூட்டிகை. திரேஸ்புரத்திலிருந்து வந்த ஜெஸ்மி என்ற பெண் அவர்களில் முந்திக்கொண்டு நின்றாள். விசைப்படகில் போகிறவரின் மகள். அண்ணன் டேவிட்சன் ஐ.டி.ஐ. முடித்தவன். ஜீவமணி சொல்லி முடிக்கும் முன்பே அவள் விரல் அடுத்த பொத்தானில் இருக்கும்.

ஆனால் மதியத்துக்கு மேல் ஜீவமணிக்குக் குரல் கட்ட ஆரம்பித்தது. தொண்டைக்குள் யாரோ துணியை அடைத்து வைத்தது போல இருக்கும். அவள் கவலை ஆபரேஷனைப் பற்றியதாக இல்லை. ஆகஸ்டுக்குப் பிறகு இந்த வகுப்பில் யார் பொத்தான் சொல்வது? பெர்சி பாடம் எடுப்பான். ஆனால் அவன் சூத்திரத்தை எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவன். அவள் குரல் இல்லாமல் இவர்கள் கணக்குப் போடுவார்களா? அதற்கேற்ற கருவி எது? அந்த வருடம் அவள் உண்மையில் தேடியது அதைத்தான்.

ஒருநாள் காலையிலேயே குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. நல்லதுதான், தன் குரல் இல்லாமல் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். லேபில் ஒன்றும் பேசாமல் போர்டில் எழுதினாள். இருநூற்று இருபது ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் நூற்றுப் பத்து ஓம் ஒன்றும் பக்கம் பக்கமாக, பேரலலாக, இணைந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து எவ்வளவு? அதைக் கணக்கிட்டு, அதே அளவில் ஒற்றை ரெசிஸ்டர் ஒன்றை ஸ்டோரில் வாங்கி, மீட்டரில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் விடை. அதே போன்ற கணக்கை அந்த வகுப்பு அவளோடு சேர்ந்து எத்தனையோ தடவை அமுக்கியிருந்தது. ஒற்றை வரிக் கருவியை ஜெஸ்மியிடம் கொடுத்தாள். புது மாதிரியை ஜெயபிரியா என்ற பெண்ணிடம் கொடுத்தாள். மற்றவர்களைச் சுற்றி நின்று பார்க்கும்படி சைகை காட்டினாள்.

ஜெஸ்மி மடமடவென்று அமுக்கினாள். இருநூற்று இருபது என்று வந்தது. ஸ்டோர் ஜன்னலுக்கு ஓடி, ஒரு இருநூற்று இருபது ஓம் வாங்கிவந்து மாட்டினாள். மீட்டர் அதற்கு இருநூற்றுச் சொச்சம் காட்டியது. பக்கம் பக்கமாக இருந்த இரண்டுக்கும் எழுபத்து மூன்று காட்டியது. அவள் மீட்டரைத் தட்டினாள். கம்பியைக் கழற்றி மாட்டினாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஜீவமணியிடம் வந்தாள்.

"மிஸ், இந்த மீட்டர் கோளாறு மிஸ். வேற தாங்க."

ஜீவமணி கால்குலேட்டரைக் கைநீட்டி வாங்கினாள். ஜெஸ்மியின் கண் முன்னாலேயே மெதுவாக அமுக்கினாள். பெருக்கல் முடிந்து வகுத்தலுக்குப் பிறகு பிராக்கெட் திறந்தாள்; கூட்டினாள்; மூடினாள். எழுபத்து மூன்று புள்ளி மூன்று மூன்று. பிராக்கெட் இல்லாவிட்டால் கருவி முதல் எண்ணால் மட்டும் வகுத்துவிட்டு இரண்டாவதை அதோடு கூட்டிவிடும். ஜெஸ்மி திரையையும் ஜீவமணியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்க பிராக்கெட்னு சொல்லலியே மிஸ்."

குற்றம் சொல்கிற தொனி அதில் இல்லை. மழை பெய்யவில்லை, அதனால் குடை எடுக்கவில்லை என்பது போலச் சொன்னாள். ஜீவமணிக்கு வலித்தது அதனால்தான். வகுப்பிலேயே கெட்டிக்காரி இவள்.

சரி, அப்படியானால் புது மாதிரிதான் என்று அவள் மனம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிராக்கெட்டும் வேண்டாம். தன் குரலும் வேண்டாம். அப்போதுதான் ஸ்டோர் ஜன்னலில் செல்வதுரையின் சத்தம் கேட்டது. செல்வதுரை ஸ்டோர் பார்க்கிறவர். பிள்ளைகளைக் கிண்டல் செய்யாமல் ஒரு திருகாணிகூடக் கொடுக்க மாட்டார். ஜெயபிரியா அவர் முன்னால் கால்குலேட்டரை நீட்டிக்கொண்டு நின்றாள். அதன் திரையில் மேலே இருநூற்று இருபது, நடுவில் கோடு, கீழே மூன்று என்று அழகாக இருந்தது.

"இருநூத்தி இருபதுக்குக் கீழ மூணு ஓம் வேணுமாம். ஏளா, இது என்ன சீலா மீனா, மூணு துண்டு போட்டுத் தர?"

லேபே சிரித்தது. ஜெயபிரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பின்னம் எவ்வளவு பெரியது, எழுபதா எழுநூறா என்று செல்வதுரை கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த ஒருவராலும் முடியவில்லை. விடையைத் தசமமாக மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் ஜீவமணி நடந்ததை ஞானையாவிடம் அரைக்குரலில் சொன்னாள். அவர் துறைமுகத்தில் எடைமேடையில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். இரண்டில் எது தப்பைக் குறைவாகச் செய்கிறதோ அதை வாங்கச் சொல் என்றார். இரண்டும் தப்பே செய்யவில்லை என்றாள் அவள். பிறகு, எப்போதோ நடந்த ஒன்றைச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலென்று அவள் கோயிலுக்குப் போகவில்லை. அன்றைக்கு ஆல்டோ முழுவதும் பாதியில் நின்றுபோயிற்று. நீ இல்லாமல் எங்களால் ஒரு வரி பாட முடியவில்லை என்று மறுநாள் வந்து சொன்னார்கள். இத்தனை வருடமும் அதை அவள் பாராட்டு என்று வைத்திருந்தாள்.

"அது பாராட்டா, சொல்லுங்க" என்றாள்.

ஞானையா எழுந்துபோய் வெந்நீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் அவள் போர்டில் எழுதியது எல்லாருக்கும் விநோதமாக இருந்தது. ஒரே மாடல் வாங்க வேண்டாம். பரீட்சையில் அனுமதிக்கிற, பிராக்கெட் உள்ள எந்தக் கால்குலேட்டரும் சரி. அண்ணன் வைத்திருந்தது, அக்கா வைத்திருந்தது, பக்கத்து வீட்டில் கிடப்பது, எதுவும் சரி. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒற்றை வரியில் தசமமாகக் காட்டுவதை வாங்குங்கள். தப்பாக அமுக்கினால் அது தப்பாகவே காட்டும். ஆனால் இனிமேல் எந்தக் கணக்கிலும், பொத்தானைத் தொடுமுன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று வாயால் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகுதான் விரல்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பழக்கம். இனி அவளே நினைத்தாலும் பொத்தான் சொல்லி நடத்த முடியாது. அதைத் தெரிந்தேதான் எழுதினாள்.

இரண்டு நாள் பொறுத்துச் சாலிஹ் போன் செய்தார்.

"என்ன டீச்சர், ஒரு பிள்ளையக் காணும். வேற கடையக் காட்டிட்டியளோ?"

"வீட்டுல கிடக்கதையே கொண்டாரச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. தப்பா எடுத்துக்கிடாதிய."

"நான் என்ன தப்பா எடுக்கப்போறேன். ஆளுக்கு ஒண்ணு வச்சிருந்தா ஒங்க பாட்டு எப்படி நடக்கும்? அதுக்குக் கேக்கேன்."

"பாட்டு நிக்கப்போகுது அண்ணாச்சி. ஆகஸ்டுல தொண்டையில ஆபரேசன்."

கடையில் யாரோ பேனா கேட்பது போனில் கேட்டது. சாலிஹ் அவரைக் காத்திருக்கச் சொன்னார். பிறகு, தொழும்போது அவளுக்காகத் துஆ செய்கிறேன் என்றார். வீட்டுக்கு வெளியே அவள் இதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கொடுத்தனுப்பிய இரண்டு கருவிகளையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை.

ஜூலை மாதம் முழுவதும் வகுப்பு நொண்டியது. எவ்வளவு வரும் என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒருவன் ஆயிரம் என்பான். இன்னொருவன் புள்ளி ஒன்று என்பான். டேவிட்சனின் பழைய கருவியைக் கொண்டுவந்த ஜெஸ்மி, அதில் எட்டாம் எண் பொத்தான் பாதி நேரம் வேலை செய்யாததால் சிணுங்கினாள். மிஸ், பழையபடியே சொல்லிக் குடுங்க மிஸ் என்று கேட்டார்கள். குரல் இருந்த நாட்களில் ஜீவமணிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பாடம் பின்தங்குகிறது என்று துறைத் தலைவர் சொல்லியனுப்பினார். ஸ்டோரில் தப்பான ரெசிஸ்டர் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று செல்வதுரை முறையிட்டார். அவள் போர்டில் ஒரே ஒரு வரியை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தாள்: பக்கம் பக்கமாக இருந்தால், விடை இருப்பதில் சின்னதைவிடச் சின்னது.

ஒன்றும் சரியாகாமலேயே ஆகஸ்டு வந்தது. போர்டிலிருந்த வரியை அழிக்க வேண்டாம், உத்தேச விடை சொல்லாமல் யாரையும் பொத்தானைத் தொட விட வேண்டாம் என்று மட்டும் சொல்லி, வகுப்பைப் பெர்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனாள்.

கட்டியை எடுத்தார்கள். டாக்டர் சொன்னது போலவே ஆயிற்று. கழுத்தில் தையல் ஆறியது, குரல் வரவில்லை. அருகே காது வைத்தால் கேட்கிற ஒரு காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அந்த நோய் மறுபடி வந்து அவளைக் கொண்டுபோனது அதற்கு நெடுநாள் கழித்து. அதுவரை அவள் அந்தக் காற்றோடுதான் இருந்தாள். அதோடுதான் வேலையும் பார்த்தாள்.

அக்டோபரில் அவள் திரும்பி வந்த அன்று வகுப்பு எழுந்து நின்றது. கழுத்தில் தெரிகிற தழும்பை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காதது போல உட்கார்ந்தார்கள். பெர்சி பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டான். மைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

போர்டில் புதிதாக இரண்டு எண்களை எழுதினாள். நானூற்று எழுபது. முன்னூற்று முப்பது. பக்கம் பக்கமாக. பழைய பழக்கத்தில் கையை உயர்த்தினாள். முன்பெல்லாம் அந்தக் கை உயர்ந்தால் விரல்கள் பொத்தானுக்குப் போகும். இப்போது ஒருவரும் கால்குலேட்டரைத் தொடவில்லை. மேசைகளின் மேல் நீலமும் கறுப்புமாக, எழுத்து அழிந்ததும் மூடி இல்லாததும் ரப்பர் பேண்டு போட்டதுமாகக் கிடந்தன.

"முன்னூத்தி முப்பதுக்குக் கீழ" என்றான் நடுவில் ஒருவன்.

"அது யாருக்குந் தெரியுமுலே. எவ்வளவு கீழ?" என்றாள் ஜெஸ்மி.

"நூத்தம்பது."

"ரெண்டும் முன்னூத்தி முப்பதா இருந்தாலே பாதி, நூத்தி அறுபத்தஞ்சு. ஒண்ணு கூட இருக்குல்லா. அதுக்கு மேலதான் வரும்." ஜெயபிரியா விரலால் மேசையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எரநூறுக்குப் பக்கத்துல, மிஸ்."

"எரநூறத் தாண்டுமா, தாண்டாதா?" ஜெஸ்மி விடவில்லை.

"தாண்டாது."

"தாண்டும்."

அவர்கள் ஜீவமணியைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீவமணியின் கை உயர்ந்தபடியே இருந்தது. பேச்சு ஓய்ந்ததும் இறக்கினாள்.

பொத்தான்கள் அமுங்கத் தொடங்கின. ஒரே நேரத்தில் இல்லை. ஒருத்தி சீக்கிரம் முடித்தாள். ஒருவன் பாதியில் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். ஜெஸ்மி எட்டாம் எண் வந்துவிடக் கூடாதே என்று மெல்ல மெல்ல அமுக்கினாள். அவரவர் கருவிக்கு அவரவர் வழி. நூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. ஒருவன் எண்ணூறு என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிக்கும் முன்பே, இருக்காது, இரு என்று சொல்லித் திரும்ப அமுக்கினான்.

ஜீவமணி மேடையில் நின்றபடி, முன்னும் பின்னுமாக வந்த அந்தச் சத்தங்களைக் கடைசி ஒன்று நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த கணக்கை எழுதத் திரும்பினாள்.